கொன்றை, ஆவாரை, தகரை: ஒரு பேரினம் மூன்றாகப் பிரிந்தது ஏன்?

சித்திரை வெயிலில் சென்னைத் தெருக்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரத்தையெல்லாம் கொன்றை என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது தப்பாகத்தான் இருக்கும். நடைபாதை முழுக்க மஞ்சள் இதழைக் கொட்டி வைப்பது இயல்வாகை. அதற்குப் பெருங்கொன்றை என்றும் ஒரு பெயர் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சுற்றுச்சுவர் ஓரம் மணி வடிவில் பூப்பது சொர்ணப்பட்டி. கிளை நுனியில் நிமிர்ந்த கொத்தாகப் பூக்கும் நிழல் மரம் மஞ்சள் கொன்றை. சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கினால்தான் அது சரக்கொன்றை. இந்த நான்கில் இன்று ‘காசியா’ என்ற பேரினத்தில் இருப்பது கடைசி ஒன்று மட்டுமே. மஞ்சள் கொன்றையும், கூடவே ஆவாரை, தகரை, சீமையகத்தி எல்லாமும் 1980கள் வரை அதே காசியாவில் இருந்தவை. இப்போது ‘சென்னா’ என்ற தனிப் பேரினம்.

பெயர்ப்பலகையை மாற்றி எழுதுவதோடு இந்தப் பிரிவினை முடிந்துவிடவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் காய்ந்த இலை நிலாவாரையா, ஆவாரையா? நாற்றங்காலில் கொன்றை விதைக்கு, வேர்முடிச்சில் வாழ்ந்து நைட்ரஜன் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவைக் கலப்பதால் பயன் உண்டா? முதுமலையில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் அந்நிய மரமும் நம் சரக்கொன்றையும் ஒன்றா? எல்லாவற்றுக்கும் விடை இந்த வகைப்பாட்டு ஆய்வில்தான் கிடக்கிறது. பூவின் நிறமும் காயின் வடிவமும் ஏமாற்றும். மகரந்தத்தாள் ஏமாற்றாது என்பதே இருநூறு ஆண்டுச் சச்சரவின் முடிவு.

சச்சரவின் தொடக்கம்

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் காசியா என்ற பேரினத்தை வரையறுத்தபோது சரக்கொன்றையையும் பேதி மருந்தான நிலாவாரையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். மறு ஆண்டே, 1754இல், லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தின் பிலிப் மில்லர் சென்னாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1871இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம் இப்பேரினத்தை முழுமையாகத் திருத்தி எழுதியபோது 300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கணக்கில் வந்தன. அவரும் காசியாவை உடைக்கவில்லை; உள்ளுக்குள் மூன்று துணைப் பேரினங்களாக வகுத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஏற்பாடே சென்னை மாகாணத் தாவர நூல்களிலும் நிலைத்தது. கேம்பிள் 1915 முதல் வெளியிட்ட மாகாணத் தாவரத் தொகுதிகளிலும், 1929இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட மயூரநாதனின் நகரத் தாவர நூலிலும் ஆவாரையும் தகரையும் காசியாதான். பழைய நூலை வைத்துக்கொண்டு நன்மங்கலம் காப்புக்காட்டில் செடி தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறியிருக்கும், விவரிப்பு மாறியிருக்காது. பழைய விவரிப்புகள் இன்றும் நம்பத்தக்கவை.

உடைப்பு 1982இல் நடந்தது. நியூயார்க் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த இர்வினும் பார்ன்பியும் அமெரிக்கக் கண்டத்துச் சிற்றினங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 900 பக்கத்தைத் தாண்டிய ஒரு நூலை வெளியிட்டார்கள். பெந்தமின் துணைப் பேரினங்கள் மூன்றும் காசியா, சென்னா, காமேக்ரிஸ்டா என்ற தனிப் பேரினங்களாயின. உலகக் கணக்கில் காசியா ஏறத்தாழ 30 சிற்றினங்களாகச் சுருங்கிவிட்டது. மற்ற இரண்டும் ஆளுக்கு முந்நூறையொட்டி வைத்துக்கொண்டன. பிறகு வந்த டிஎன்ஏ ஆய்வுகள் இந்த மூன்றும் தனித்தனிக் கால்வழிகள் என்பதை உறுதி செய்தன. உருவத்தை மட்டும் பார்த்துச் செய்த பிரிப்பு மரபணுச் சோதனையில் இவ்வளவு சுத்தமாகத் தேறுவது வகைப்பாட்டியலில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

எதைப் பார்த்துப் பிரித்தார்கள்

ஒரு சரக்கொன்றைப் பூவைக் கையில் எடுங்கள். பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். அவற்றில் கீழே உள்ள மூன்றில், மகரந்தப்பையைத் தாங்கும் கம்பி மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, வில்லாக வளைந்து, இதழ்களையே தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இருக்கும் மகரந்தப்பையின் நீளமோ சுமார் 5 மில்லிமீட்டர்தான். நடுவில் உள்ள நான்கும் நேரானவை, ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குபவை. மீதி மூன்றும் வளர்ச்சி குன்றியவை. கம்பி பையைவிடப் பல மடங்கு நீண்டு வளைந்திருந்தால் காசியா. கம்பி நேராக, பையின் நீளத்தையொட்டியோ அதைவிடக் குட்டையாகவோ இருந்தால் சென்னா.

இன்னொரு அடையாளம் பூக்காம்பில் இருக்கிறது. காசியாவின் பூக்காம்பின் அடியில் இரண்டு சிறு செதில்கள் இருக்கும். சென்னாவில் அவை கிடையாது. காமேக்ரிஸ்டாவில் உண்டு, ஆனால் காம்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ ஒட்டியிருக்கும். செதில்கள் சீக்கிரம் உதிரக்கூடியவை என்பதால் விரிந்த பூவில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. மொட்டில் பார்க்க வேண்டும்.

காமேக்ரிஸ்டாவைப் பிரிக்க இவ்வளவு கூடத் தேவையில்லை. காய் முற்றியதும் இரு ஓடுகளும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறிக்கவிடும். காசியாவோ சென்னாவோ இப்படித் தெறிப்பதில்லை. சென்னையைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் மழைக்குப் பிறகு முளைக்கும், தொட்டாற்சிணுங்கி இலை போன்ற இலையுடைய சிறு செடிகளும், மருந்துக்கு எடுக்கும் கருங்காணமும் இந்தப் பேரினத்தவை.

காய் ஏமாற்றும் என்று சொன்னதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. உருளையாக, உள்ளே குறுக்குத் தடுப்புகளுடன், அறைக்கு ஒரு விதையாக அடுக்கிய காயைப் பார்த்தால் யாரும் சரக்கொன்றை என்றே சொல்வார்கள். நடு, தென் அமெரிக்காவிலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்துக்கும் அதே மாதிரிக் காய்தான். சற்றுக் குட்டை, அவ்வளவே. பூவைப் பிரித்தால் கம்பிகள் குட்டையாக, நேராக இருக்கும். உடனே முடிந்தது சந்தேகம்.

ஆவாரம்பூவுக்குள்

இந்த அமைப்பைப் படிக்கச் சிறந்த பொருள் ஆவாரம்பூ. பொங்கலுக்கு முன் கோயம்பேட்டில் காப்புக் கட்டுவதற்காக வேப்பிலை, பூளைப்பூவுடன் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் ஒரு ஊசியும் போதும்.

மேலே மூன்று தாள்கள் சிறுத்து, மகரந்தமே இல்லாமல் இருக்கும். மலட்டுத் தாள்கள் என்று இவற்றைச் சொல்லலாம். நடுவில் நான்கு, அளவான உயரம். கீழே மூன்று, பெரியவை, தடித்தவை, சூல்தண்டு போகும் திசைக்கே சாய்ந்தவை. லென்ஸை மகரந்தப்பையின் நுனிக்குக் கொண்டுபோனால் இரு நுண்ணிய துளைகள் தெரியும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து தூளை வெளியே காட்டிவிடும். இங்கே பை முழுக்க மூடியே இருக்கிறது. வழி அந்தத் துளை ஒன்றுதான். பூவில் தேனும் கிடையாது. வரும் வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டுமே. அதையும் சும்மா எடுத்துவிட முடியாது.

பெரிய கருப்புத் தச்சுத் தேனீ வந்து உட்கார்ந்து, தாள்களைக் காலால் அணைத்துக்கொண்டு, சிறகை மடக்கிவைத்தபடி மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். விநாடிக்குச் சில நூறு அதிர்வுகள். பறக்கும்போது கேட்கும் ஒலியைவிடக் கூர்மையான ‘ங்ங்’ ஒலி அப்போது கேட்கும். அந்த அதிர்வில் தூள் துளை வழியே பீறிட்டு வருகிறது. நீலப்பட்டைத் தேனீக்களுக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இது வராது. அதனால் ஆவாரை அடர்ந்த இடத்தில் தேன்பெட்டி வைத்துக் காய்ப்பைக் கூட்டலாம் என்ற யோசனை பலிக்காது. தச்சுத் தேனீ கூடு கட்டப் பட்டுப்போன கட்டையும் காய்ந்த மூங்கிலும் வேண்டும். பூங்காவைத் ‘துப்புரவு’ செய்கிறேன் என்று அவற்றையெல்லாம் அள்ளிப்போட்டால் காய்ப்பு குறையத்தான் செய்யும்.

அதிர்வை நாமே கொடுத்தும் பார்க்கலாம். இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவையைத் தட்டி, அதிரும் நுனியை மகரந்தத்தாளின் மேல் மெல்லத் தொட வேண்டும். கீழே கருப்புத் தாள் பிடித்திருந்தால் மஞ்சள் பொடி கொட்டுவது தெளிவாகத் தெரியும். கொட்டாவிட்டால் மூன்று காரணம் இருக்கலாம்: காலையிலேயே தேனீக்கள் காலி செய்துவிட்ட பூ, பனியோ மழையோ பட்டு நனைந்த பூ, அல்லது கவை இதழில் பட்டு அதிர்வு அடங்கிவிட்டது. விடிந்ததும் விரிந்த பூவை, அதற்கு முந்தைய மாலையே மெல்லிய துணிப்பையால் மூடிவைத்திருந்து எடுப்பது நல்லது.

ஒரே பூவில் இருவகைத் தாள் எதற்கு? நடுவில் உள்ள நான்கும் தேனீக்குத் தீனி. கீழே உள்ள பெரியவை செடியின் சொந்தக் காரியத்துக்கு. தேனீ நடுத்தாளைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது பெரிய தாளின் தூள் அதன் உடம்பில், அது சுலபமாகத் துடைத்து எடுக்க முடியாத இடத்தில் படிகிறது. அடுத்த பூவின் சூல்முடி தொடுவது அதே இடத்தை. சென்னாக்கள் பலவற்றில் சூல்தண்டு ஒரு பூவில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். இரண்டும் ஒரே செடியில் காணக் கிடைக்கும். இந்த வேலைப் பிரிவினை டார்வினைக் கடைசிவரை உறுத்திய கேள்விகளில் ஒன்று. அப்போது காசியாவாக இருந்த ஓர் அமெரிக்கச் செடியையும் கத்தரிப் பேரினத்துச் செடி ஒன்றையும் பற்றி டாட் என்பவர் எழுதியதைப் படித்துவிட்டு, விதை அனுப்ப முடியுமா என்று அவர் கடிதம் எழுதிய நாள் 1882 ஏப்ரல் 10. ஒன்பது நாளில் இறந்துபோனார்.

இலையில் ஒரு சுரப்பி, வேரில் ஒரு முடிச்சு

பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது? இலைக்காம்பைப் பார்க்க வேண்டும். ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே குச்சிபோல நிமிர்ந்த சுரப்பி ஒன்று நிற்கும். தகரையில் கீழ் இரண்டு இணைகளின் இடையே மட்டும். பேயாவாரையில் இலைக்காம்பின் அடியிலேயே, தண்டுக்குப் பக்கத்தில், ஒரு குமிழ். சரக்கொன்றையிலும் மஞ்சள் கொன்றையிலும் எதுவும் இருக்காது.

இந்தச் சுரப்பிகள் இனிப்புநீர் சுரப்பவை. அதை நக்க எறும்பு வரும், வந்த எறும்பு இலை தின்னும் புழுவை விரட்டும். பிரிகிட்டே மராஸியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட குலக்கொடி (பரிணாம உறவுமுறை) ஆய்வு, இச்சுரப்பிகள் சென்னா பேரினத்துக்குள் ஒரே முறை தோன்றியிருக்க வேண்டும் என்றும், சுரப்பியுள்ள அந்தக் கிளையே பேரினத்தின் பெரும்பகுதியாகப் பெருகியது என்றும் காட்டியது. மஞ்சள் கொன்றை அந்தக் கிளையில் இல்லை. எறும்புக் காவல் இல்லாத மரத்தில் கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சி முட்டையிட்டுப் புழுக்கள் ஒரே வாரத்தில் துளிரை மொட்டையடிப்பதைப் பார்த்து மருந்தடிக்க ஓட வேண்டாம். மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

வேர் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பயறுக் குடும்பம் என்பதால் கொன்றையும் ஆவாரையும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்று நாற்றங்கால்காரர்களே சொல்கிறார்கள். காசியாவிலும் சென்னாவிலும் வேர்முடிச்சு உண்டாவதில்லை என்பதே பொதுவான நிலை. முடிச்சு இருப்பது காமேக்ரிஸ்டாவில். ஆகவே கொன்றை விதைக்கு ரைசோபியம் தடவுவது காசுக்குக் கேடு. ஆவாரைத் தழை நல்ல உரம்தான். அது மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருகிறது, அவ்வளவே.

சென்னையில் எதை எங்கே எப்படி அடையாளம் காண்பது

முதலில் இலை. இரட்டைக் கூட்டிலையாக, புளியிலைபோலப் பொடிப்பொடியாக இருந்தால் இயல்வாகை, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எதிரெதிராக அமைந்த, விளிம்பில் பற்கள் உள்ள இலை என்றால் சொர்ணப்பட்டி. ஒற்றைக் கூட்டிலை, நுனிச் சிற்றிலை இல்லாமல் இணையாக முடிந்தால் மட்டும் மேலே போக வேண்டும்.

மரமாக இருந்து சிற்றிலைகள் உள்ளங்கை நீளம், நான்கு முதல் எட்டு இணை என்றால் சரக்கொன்றை. சிறு சிற்றிலைகள் ஆறு முதல் பன்னிரண்டு இணை, பட்டையாகத் தட்டையான காய் என்றால் மஞ்சள் கொன்றை. பூ இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டு வாய்ப்பு: தென்கிழக்காசியாவின் காசியா ஜவானிகா, அல்லது நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செங்கொன்றை. செங்கொன்றையின் தாவரப் பெயர் காசியா ராக்ஸ்பர்கி. ராக்ஸ்பர்க் அதற்கு மார்ஜினேட்டா என்றுதான் பெயர் வைத்தார். அந்தப் பெயரை வேறொரு செடி முன்பே பிடித்துக்கொண்டதால் செல்லாமல் போய், பிறகு அவர் பெயரே செடிக்கு வந்தது. பூங்காப் பலகைகளில் இரண்டு பெயரையும் பார்க்கலாம். நடுவதற்கு ஜவானிகாவைவிடச் செங்கொன்றையையே பரிந்துரைப்போம்: நம் மண்ணின் மரம், தாழ்ந்து படரும் கிளை, நல்ல நிழல்.

செடியாகவோ புதராகவோ இருந்தால்: இலையடியில் காது மடல்போல அகன்ற செதில் இருப்பது ஆவாரை. வண்டலூர், நன்மங்கலம், திருப்போரூர்ப் பக்கம் பாறை மேட்டில் தானாக வளரும். ஒரு காலத்தில் பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலுக்கு இதன் பட்டைதான் அடிப்படை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. பெரிய மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்த பூக்கதிர், நான்கு இறக்கையுள்ள காய் என்றால் சீமையகத்தி. காலி மனைகளில் மழைக்குப் பின் முழங்கால் உயரம் வளர்வதில் மூன்று இணை முட்டைவடிவச் சிற்றிலை இருந்தால் தகரை. ஆனால் தகரையிலும் இரண்டு உண்டு. சுரப்பி கீழ் இரண்டு இணைகளிலும் இருந்து பூக்காம்பு குட்டையாக இருந்தால் சென்னா தோரா. அடி இணையில் மட்டும் சுரப்பி, காம்பு நீளம் என்றால் சென்னா ஆப்டுசிஃபோலியா. பல பட்டியல்களில் இந்த இரண்டும் ஒன்றாகவே குழம்பிக் கிடக்கின்றன.

பேயாவாரை தெரிந்தே ஆக வேண்டிய செடி. சிற்றிலை கூர்நுனியுடன் நான்கைந்து இணை, கசக்கினால் துர்நாற்றம், காய் சற்று மேல்நோக்கி வளைந்து வெளிர் விளிம்புடன் இருக்கும். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் குழந்தைகள் கல்லீரலும் தசையும் மூளையும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு இறந்ததற்கு, இதன் விதையைத் தின்றதே காரணமாக இருக்கலாம் என்று 2007இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. அதுவரை வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்திருந்தார்கள். பிள்ளைகள் விளையாடும் மனையில் இது இருந்தால் காய்க்கும் முன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

பூக்கும் காலத்தையும் அடையாளமாக முழுக்க நம்ப வேண்டாம். சரக்கொன்றை இங்கே ஏப்ரல் முதல் ஜூன்வரை பூக்கிறது. இடையில் மழை பெய்து விட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆங்காங்கே இன்னொரு சுற்று. சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலப் பூ. பருவம் தப்பிய மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட பேதை மரம் என்று குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் தோழி சொல்வதை, மழைத்தூண்டலால் வரும் இரண்டாம் பூப்புக்குச் சான்றாகவும் படிக்கலாம். கேரளத்தில் விஷுவுக்கு முன்பே கொன்றை பூத்து முடிவதை ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் தொடர்ந்து பதிவு செய்கிறது. சென்னை மரங்களையும் யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம்.

மாதிரி எடுக்கும்போது கெடுவது எது

தவறான அடையாளத்துக்குப் பெரும்பாலும் காரணம் மோசமான மாதிரி. கொன்றை இனங்களை அழுத்தி உலர்த்துவதில் தனித் தொல்லை ஒன்று உண்டு: சிற்றிலைகள் காயும்போதே காம்பிலிருந்து கழன்று கொட்டிவிடும், கடைசியில் மிஞ்சுவது ஈர்க்கு மட்டும். அழுத்துவதற்கு முன் இலைக்கிளையைக் கொதிக்கும் நீரில் சில விநாடி முக்கி எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டால் இலை கழலாது. பூவை முக்கக் கூடாது. டிஎன்ஏவுக்குத் துளிர் வேண்டுமானால் முக்குவதற்கு முன்பே எடுத்து, அதைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள சிலிக்கா ஜெல் இட்ட பையில் போட்டுவிட வேண்டும்.

இரண்டு மூன்று பூக்களைத் தனியே 70 விழுக்காடு ஆல்கஹாலில் போடுவது கட்டாயம். அழுத்திய பூவில் மகரந்தக் கம்பி எப்படி வளைந்திருந்தது என்பது தெரியவே தெரியாது. சுரப்பியின் வடிவத்தையும் நிறத்தையும் களத்திலேயே எழுதிவிட வேண்டும். காய்ந்தால் அது சுருங்கிப் புள்ளியாகிவிடும். செய்தித்தாளை முதல் ஐந்து நாள் தினமும் மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் வெறும் தாளை நம்பினால் பூசணம்தான் மிஞ்சும்; அப்போது பல்பு வைத்த உலர்த்தும் பெட்டியில் 45 முதல் 50 டிகிரி வெப்பம் கொடுப்பது வழி. அதற்கு மேல் சூடேற்றினால் இலை நொறுங்கும். உலர்ந்ததை பாலித்தீன் உறையில் மூடி, கழித்தல் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் சிகரெட் வண்டின் முட்டையும் புழுவும் செத்துவிடும். உறையைத் திறப்பது அறைவெப்பத்துக்கு வந்த பிறகுதான். இல்லாவிட்டால் நீர் கோத்து மறுபடி பூசணம்.

ஒப்பிட மூல மாதிரிகள் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பெயர் இருந்தாலும் அது இருப்பது கோயம்புத்தூரில், இந்தியத் தாவர அளவைத் துறையின் வளாகத்தில். சென்னைப் பக்கம் எடுத்த பழைய தாள்களைப் பார்க்கவும் அங்கேதான் போக வேண்டும்.

மருந்துக் கடையில்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகி உலகுக்கெல்லாம் பேதி மருந்தாகப் போகும் நிலாவாரையில் வேலை செய்வது சென்னோசைடு ஏ, பி என்ற பொருள்கள். ஆவாரை இலை காய்ந்தால் மேலோட்டமாக அதைப்போலவே இருக்கும், ஆனால் அந்தக் குணம் அதற்கு இல்லை. இந்தக் கலப்படத்துக்கு மருந்தறிஞர்கள் கைக்கொண்ட பழைய சோதனை எளிமையானது: இலைத்தூளை 80 விழுக்காடு கந்தக அமிலத்தில் இட்டால் ஆவாரை கருஞ்சிவப்பாக மாறும், நிலாவாரை மாறாது. ஆய்வகத்தில், புகை உறிஞ்சும் கூண்டுக்குள், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய காரியம், வீட்டில் அல்ல.

டிஎன்ஏவின் சிறு துண்டைக் கொண்டு இனத்தை அறியும் ‘பார்கோடு’ முறை வந்தபின் தூளாக அரைத்ததையும் பிரிக்க முடிகிறது. தென்னிந்தியச் சந்தைகளில் வாங்கிய காசியா, சென்னா, காமேக்ரிஸ்டா மருந்துச் சரக்குகளை இப்படிச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, சரக்கொன்றை பெரும்பாலும் சரியாக இருப்பதையும், ஆவாரை என்று விற்றதில் பாதியளவு வேறு செடியாக இருந்ததையும் கண்டது. ஆவாரம்பூத் தேநீர் வாங்குபவர்கள் தூளாக வாங்காமல் முழுப் பூவாக வாங்கினால் மூன்று பெரிய தாளையாவது கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

விதையும் வெட்டும்

சரக்கொன்றைக் காயை உடைத்து, கருப்புப் பிசினோடு நீரில் ஊறவைத்துக் கசக்கி, சல்லடையில் அலசினால் விதை கிடைக்கும். துளை விழுந்தவை விதைவண்டு தின்றவை, ஒதுக்கிவிடலாம். அப்படியே விதைத்தால் மாதக்கணக்கில் அசையாது, ஓடு நீரை விடாது. சில நூறு விதைக்குள் என்றால் நகவெட்டியே போதும்: காம்பு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கம் ஓட்டில் சிறு சில்லு எடுத்து, இரவு முழுக்க ஊறவைத்தால் விதை இரு மடங்கு உப்பும். உப்பாததை மறுபடி வெட்டலாம். தழும்புப் பக்கம் வெட்டினால் முளைக்கருவே போய்விடும்.

பெரிய அளவுக்கு அடர் கந்தக அமிலம். நன்கு உலர்ந்த விதையைப் பத்துப் பத்தாகப் பிரித்து 5, 10, 15, 20 நிமிடம் வைத்துச் சோதித்து, எந்த நேரத்தில் அதிகம் உப்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் போட வேண்டும். மரத்துக்கு மரம் ஓட்டின் தடிமன் மாறும். ஈர விதையைப் போட்டால் சூடு கிளம்பிக் கரு வெந்துவிடும். எடுத்ததும் விதையை நிறையத் தண்ணீரில் கொட்ட வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பத்துத் தடவையாவது அலசிவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் மணல் கலந்த மண்ணில் விதைத்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். தினமும் குடம் குடமாக ஊற்றினால் தண்டழுகல் வரும்.

விதை வாங்குமிடத்தில் காயோடு பூவின் படத்தையும் கேளுங்கள். கொன்றை என்று சொல்லி சென்னா ஸ்பெக்டாபிலிஸைக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டுத்தரையையே மூடிய மரம் அது. சும்மா வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கிறது. கேரளத்தில் நிற்கும் மரத்தின் பட்டையை அடியிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் முழுக்க உரித்து, நின்றபடியே காயவிடும் முறையைக் கையாள்கிறார்கள். ஒரு விரல் அகலப் பட்டை மிச்சமிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். கன்றுகளை மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியத் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டு, இந்த மரத்தைக் காகித ஆலைக் கூழுக்கு அகற்ற அனுமதித்தது. வெட்டிய இடத்தில் மண்ணில் கிடக்கும் விதை அடுத்தடுத்த மழைகளுக்கும் முளைக்கும் என்பதால், அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப்போய்க் கன்று பிடுங்கும் கூலியையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.